நாங்கள் மந்தமாகப் பிறக்கவில்லை

“தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மண்டையில் ஒன்றும் ஏறாது.” ஆசிரியர் ஓய்வறையில், கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு இதைச் சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. “முழிச்சிக்கிட்டே இருக்கும், காதுல விழாது.” “ஒன்று ஊமை மாதிரி இருக்கும், இல்லாட்டி அடிக்கப் பாயும்.” “பரம்பரையே அப்பிடித்தான்.” நானும் அந்தப் பரம்பரைதான். நுவரெலியா மாவட்டத்து லயம் ஒன்றில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர், அப்பா கவ்வாத்து வெட்டியவர். அதே ஓய்வறையில், அதே மேசையில் உட்கார்ந்து இந்தப் பேச்சையெல்லாம் கேட்டவள் எழுதுகிறேன்.

எங்கள் வயிற்றில் அடித்தார்கள். அந்த அடி வயிற்றோடு நிற்கவில்லை. மனசு வரைக்கும் போனது. பயந்தோம், பேச்சற்றுப் போனோம், ஒன்றில் கவனம் நிற்காமல் தவித்தோம், சின்னச் சொல்லுக்கும் வெடித்தோம். அதைப் பார்த்துவிட்டு, அடித்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து, இது உங்கள் குணம் என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள். முதல் அநியாயத்துக்காவது கணக்கு இருக்கிறது. இந்த இரண்டாவது அநியாயத்தை யாரும் அநியாயம் என்றே எண்ணுவதில்லை.

கணக்கு என்று நான் சொல்வது இது. 2016ஆம் ஆண்டின் மக்கள்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 வீதம். தோட்டங்களில் மட்டும் எடுத்தால் 31.7 வீதம். மூன்று பிள்ளைகளில் கிட்டத்தட்ட ஒன்று. ஒவ்வொரு தடவையும் இந்த எண்ணைப் போட்டுக் கூட்டம் வைக்கிறார்கள், சாப்பாட்டுப் பொதி கொடுக்கிறார்கள், கலைந்து போகிறார்கள். உயரத்தை அளந்தவர்கள் இருக்கிறார்கள். எடையை நிறுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்த மூன்றில் ஒரு பிள்ளை ஏன் சிரிக்கவில்லை, ஏன் பொம்மைக்குக் கை நீட்டவில்லை, ஏன் புது ஆளைக் கண்டதும் அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறது என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் 1974ஆம் வருஷம் பிறந்தான். மலையகத்தில் வயதானவர்கள் யாரிடமும் அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பஞ்ச காலம் என்பார்கள். உலகச் சந்தையில் எண்ணெய், தானிய விலை ஏறியது. அரசாங்கம் கூப்பன் அரிசியைக் குறைத்தது. மாவும் சீனியும் விலை கூடின. ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு அரிசி கொண்டுபோகவும் கட்டுப்பாடு, வழியெல்லாம் சோதனைத் தடை. கிராமத்தில் இருந்தவர்கள் கொல்லையில் மரவள்ளி நட்டாவது பிழைத்தார்கள். நாங்கள் எங்கே நடுவது? லயத்துக்கு முன்னால் இருந்த கையகல மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். நூற்றைம்பது வருஷமாக அந்த மலையில் கொத்தி, நட்டு, வெட்டிய எங்களுக்கு அதில் ஒரு கிழங்கு நட உரிமை இருக்கவில்லை. 1948இலேயே எங்கள் குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள். ஓட்டில்லாத வாய்க்கு எந்த மந்திரி பதில் சொல்வான்? கண்டி, ஹட்டன், நாவலப்பிட்டித் தெருக்களில் எங்கள் சனம் கையேந்தி நின்றது. எத்தனையோ பேர் செத்தார்கள். செத்தவர்களைப் பற்றியாவது யாரோ எழுதி வைத்தார்கள். அந்த வருஷம் தொட்டிலில் கிடந்து சாகாமல் பிழைத்த பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று ஒருவரும் தேடி வரவில்லை.

பிள்ளைக்காம்பரா என்று எங்கள் தோட்டத்தில் ஒன்று இருந்தது. தகரக் கூரை. தரையில் படங்குச் சாக்கு. விட்டத்திலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு ஓடுகிற வழியில் அம்மாமார் பிள்ளைகளை அங்கே போட்டுவிட்டு ஓடுவார்கள். நடுவில் ஒரு தடவை மலையிறங்கி வந்து பால் கொடுக்கலாம் என்பது பேச்சு. மலை தூரமாக இருந்தால் வர முடியாது. அன்றைக்குக் கொழுந்து குறைந்தால் வர முடியாது. கணக்கப்பிள்ளை முகம் சுளித்தால் வர முடியாது. றாத்தல் குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். அரைப்பேர் விழுந்தால் ராத்திரி அடுப்பில் ஒன்றும் விழாது. பால் கட்டி நெஞ்சு வலிக்க வலிக்க அம்மா கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றிருப்பார். கீழே தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயம்மா போத்தலில் சாயத்தண்ணி, பாலில்லாத வெறும் தேத்தண்ணி, ஊட்டுவார். சீனி இருந்தால் சீனி போட்டு.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கே ஓடுவேன். மற்றப் பிள்ளைகள் கத்திக்கொண்டு கிடக்கும். தம்பி கத்தமாட்டான். கண் திறந்திருக்கும், விட்டத்தைப் பார்த்தபடி கிடப்பான். அவன் முகத்துக்கு நேரே விரலை ஆட்டினால் கண் மெதுவாக விரலுக்கு வரும், கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு தானாகவே நழுவிப் போய்விடும். கன்னத்தைத் தொட்டால் சிரிப்பதில்லை. கைக்குள் கொட்டைப்பாக்கு டப்பா ஒன்றைக் கிலுகிலுப்பையாக வைத்தால் பிடிப்பதில்லை. விரல் விரிந்தே இருக்கும், டப்பா உருண்டு விழும். தலைமயிர் செம்பட்டை பாய்ந்து, பாதம் இரண்டும் ஊதி இருந்தது. அழுத்தினால் குழி விழும். ஆயம்மா நல்ல மனுஷி, பொல்லாதவர் இல்லை. அம்மா வந்ததும் பெருமையாகத்தான் சொன்னார்: “ஒம் புள்ள தங்கம் புள்ள. போட்ட எடத்துல கெடக்கும். சத்தமே இல்ல.” அம்மாவின் முகம் மலர்ந்தது. பதினைந்து இருபது பிள்ளைகளை ஒருத்தி பார்க்கிற இடத்தில் சத்தம் போடாத பிள்ளைதான் நல்ல பிள்ளை.

அம்மா சாகும் முன் ஒருநாள், தானாகவே அதை எடுத்தார். “அழுதப்பல்லாம் பயந்தேன். அழாம கெடந்தானே, அப்ப இல்ல நான் பயந்திருக்கணும்.”

அது நோய், குணமல்ல. 1930களில் ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரையில், இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் இதே செம்பட்டை மயிரையும் இதே ஊதிய காலையும் இதே சோர்ந்த முகத்தையும் பார்த்து, குவாஷியோர்கர் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்ன பேரிலேயே மருத்துவ உலகத்துக்கு எழுதினார். இந்த நோயை வைத்தியம் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு. பிள்ளை தேறுகிறது என்பதற்கு முதல் அடையாளம் எடையல்ல, சிரிப்பு. தராசு முள் நகர்வதற்கு முன்பே பிள்ளை சிரிக்கத் தொடங்கும். எங்கள் பிள்ளைக்காம்பராவில் தராசும் இல்லை, சிரிக்கிறானா என்று பார்க்க ஆளும் இல்லை.

சத்தில்லாத உடம்பு முதலில் எதை நிறுத்துகிறது தெரியுமா? விளையாட்டை. இதயம் துடிக்க வேண்டும், மூச்சு வர வேண்டும். மீதிச் செலவையெல்லாம் உடம்பு வெட்டிவிடுகிறது. தவழ்ந்து போய் ஒரு கல்லை எடுத்து வாயில் வைப்பது, அம்மாவின் மூக்கைப் பிடிப்பது, “ங்கா” என்று கூப்பிட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, எல்லாம் அந்தச் செலவில் சேர்த்தி. ஒரு பிள்ளையின் மனசு இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் கட்டப்படுகிறது. பிள்ளை கூப்பிடும், தாய் திரும்புவாள். தாய் சிரிப்பாள், பிள்ளை சிரிக்கும். கூப்பிட்டால் வருவார்கள், இந்த உலகம் நம்பக்கூடியது என்று பிள்ளை படிக்கிற முதல் பாடம் அது. கூப்பிடத் தெம்பில்லாத பிள்ளைக்கு அந்தப் பாடமே நடப்பதில்லை. மாலையில் கூடையை இறக்கி, நிறுவை முடித்து, தண்ணிக்கும் விறகுக்கும் அலைந்து வரும் தாய்க்கும் தெம்பில்லை. பிள்ளை கூப்பிடாததால் அவள் திரும்புவதில்லை. அவள் திரும்பாததால் அது இன்னும் அடங்குகிறது. ஒரே அறைக்குள் இரண்டு பேரும் தனியாகிவிடுகிறார்கள். இதில் தாயைக் குற்றம் சொல்ல வருகிறவர்கள் முதலில் ஒரு கிழமை அந்த மலையில் ஏறி இறங்கிவிட்டு வரட்டும்.

இதெல்லாம் நடக்கிற காலமும் சும்மா காலமல்ல. பிறந்து இரண்டு வயதுக்குள் மூளை, வளர்ந்த மனிதரின் மூளையளவில் எண்பது வீதத்தை எட்டிவிடுகிறது. சிசுவின் உடம்பு செலவழிக்கிற சக்தியில் பாதிக்குக் குறையாமல் மூளையே எடுத்துக்கொள்கிறது. அந்த வேளையில் சாயத்தண்ணி ஊட்டினோம்.

அந்தச் சாயத்தண்ணியைப் பற்றி எழுதும்போது என் கை நடுங்குகிறது. தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள், சாப்பாட்டில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். இரும்புச்சத்து இரத்தத்துக்கு மட்டுமல்ல. மூளை நரம்புகளுக்கு உறை போடவும், ஆர்வத்தையும் மகிழ்ச்சியையும் ஆளுகிற டோபமினைச் சுரக்கவும் அதுதான் வேண்டும். பெட்ஸி லோசோஃப் என்ற அமெரிக்க மருத்துவர் கோஸ்டா ரிக்கா நாட்டில் இரத்தச்சோகை கண்ட சிசுக்களை ஆராய்ந்தார். தயங்கித் தயங்கி இருந்தார்கள், தாயை விட்டு விலகவில்லை, விளையாட்டுப் பொருளில் மனம் போகவில்லை. மருந்து கொடுத்து இரத்தம் சரியான பிறகும், பத்து வயதைத் தாண்டியும், அவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் கவனச்சிதறலும் மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தன. உலகம் முழுக்க உற்சாகத்துக்காகக் குடிக்கிற இலையை நாங்கள் பறித்தோம். நல்ல தூளெல்லாம் கப்பலேறியது. எங்களுக்கு மிஞ்சிய சாயம் எங்கள் பிள்ளைகளின் உற்சாகத்தைப் பிறந்த இடத்திலேயே அணைத்தது.

என் கதை எப்படி வேறாகப் போனது என்று கேட்பீர்கள். எனக்குப் பால்குடி மறந்த வயதில் கூப்பன் அரிசி ஒழுங்காக வந்தது, மா வந்தது. அவ்வளவுதான். அதே தாய், அதே தகப்பன், அதே காம்பரா. “நீ படிச்சி முன்னுக்கு வந்துட்டியே, ஒந் தம்பிக்கு மட்டும் என்ன கேடு?” என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவன் தொட்டிலில் கிடந்தபோது நாட்டில் அரிசி இல்லை. அந்தக் கேடுதான்.

தம்பி பள்ளிக்கூடம் வந்தான். நடந்தது இதுதான். ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவனுக்கு உடம்பு விறைக்கும். எழுந்து நிற்பான். தெரிந்த பதில்கூட வாயில் வராது. ராத்திரி என்னிடம் ஒப்புவித்த அதே வாய்ப்பாடு. பிரம்பு விழும். பிரம்புக்குப் பிறகு மற்றப் பிள்ளைகள் சிரிக்கும். இடைவேளையில் சிரித்தவர்களில் ஒருவன்மேல் பாய்ந்து கடிப்பான். அதற்கும் பிரம்பு. முன்னேற்ற அறிக்கையில் “ஆர்வமில்லை, முரடன்” என்று சிவப்பு மையில் எழுதி வரும். அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஜமைக்காத் தீவில் சின்ன வயதிலேயே வளர்ச்சி குன்றிய பிள்ளைகளை, பள்ளிக்கூட வயதில் உட்காரவைத்துச் சோதித்தார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, சாதாரணமான கேள்விகள்தான் கேட்டார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகளின் இதயம் மற்றவர்களுடையதைவிட வேகமாகத் துடித்தது. எச்சிலை எடுத்துப் பார்த்தால், ஆபத்து வந்தால் சுரக்கிற கோர்ட்டிசோல் கூடியிருந்தது. பேச்சுக் குறைவு, கூச்சம் அதிகம், சீக்கிரம் மனம் உடைந்தார்கள். அதாவது ஒரு கேள்வி கேட்பதே அவர்கள் உடம்புக்கு ஆபத்தாகப் படுகிறது. சிசுவாக இருந்தபோது பட்டினி அந்த உடம்புக்கு எந்நேரமும் ஆபத்து என்று சொல்லிக்கொடுத்துவிட்டது, உடம்பு மறக்கவில்லை. இதை வாசித்த அன்றைக்கு எனக்கு என் தம்பி கறும்பலகைக்கு முன்னால் விறைத்து நின்றது கண்ணுக்குள் வந்தது. துடிக்கிற நெஞ்சோடு நின்ற பிள்ளையின் கையை நீட்டச் சொல்லி அடித்தார்கள். ஐயா, டீச்சர், கேட்கிறேன்: பசியிலே பயந்த பிள்ளைக்குப் பிரம்பா மருந்து?

தம்பி பதின்மூன்று வயதில் கொழும்புக்குக் கடைவேலைக்குப் போனான். இன்று ஐம்பதைத் தாண்டியவன். நல்லவன். உழைப்பாளி. ஒரு காரியாலயத்துக்குள் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் “சேர், இந்தப் படிவம் எங்கே கொடுப்பது” என்று கேட்க இன்னும் முடியாது. வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் விலகி வெளியே வந்துவிடுவான். வெளியே வந்து தெருக்கல்லை உதைப்பான். அவன் மகளுடைய பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இருந்த எழுத்துப் பிழை பல வருஷம் திருத்தப்படாமலே கிடந்தது. கேட்க வேண்டிய இடத்தில் அவனுக்குக் கேட்க வாய் வரவில்லை. ஒரு சின்ன இழப்பு வந்தால் வாரக்கணக்கில் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவான். இதைத்தான் “தோட்டத்தான் புத்தி” என்கிறார்கள்.

மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸ் என்று இன்னொரு தோட்ட நாடு. நமக்குத் தேயிலை மாதிரி அவர்களுக்குக் கரும்பு. அங்கே ஜெனினா கேலர் என்ற மருத்துவர், 1967க்கும் 1972க்கும் இடையில் பிறந்த பிள்ளைகளை நாற்பது வயது தாண்டியும் விடாமல் பின்தொடர்ந்தார். பிறக்கும்போது நல்ல எடையோடு பிறந்தவர்கள். முதல் வருஷத்தில் மட்டும் ஒருமுறை கடுமையான சத்துக்குறைவில் விழுந்தவர்கள். அதற்குப் பிறகு அரசாங்கமே வீடு தேடிப்போய் உணவும் வைத்தியமும் கொடுத்துத் தேற்றியது. உடம்பு தேறியது, வளர்ந்து மற்றவர்களைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் பள்ளிக்கூட வயதில் பார்த்தால், அவர்களில் 60 வீதத்தினருக்குக் கவனக்குறைவு. அதே வகுப்பில், அதே அக்கம்பக்கத்தில், பட்டினி தீண்டாமல் வளர்ந்தவர்களில் அது 15 வீதம்தான். இளவயதில் மனச்சோர்வு கூடுதல். நாற்பது வயதிலே பதற்றம் கூடுதல், நாலு பேரோடு கலப்பது குறைவு, புதியதைத் தேடும் ஆவல் குறைவு, பிறர்மேல் நம்பிக்கை குறைவு.

ஒரே ஒரு வருஷம். அதுவும் பிறகு ஒரு நாடே சேர்ந்து தேற்றிய பிள்ளைகளுக்கு. எங்களுக்கு ஒரு வருஷமா? எங்கள் பாட்டிகள் காலத்திலிருந்து. இரத்தமில்லாத தாய் எடை குறைந்த பெண்ணைப் பெறுகிறாள். அந்தப் பெண் வளர்ந்து, இரத்தமில்லாத தாயாகி, இன்னொரு எடை குறைந்த பிள்ளையைப் பெறுகிறாள். யாரும் வந்து தேற்றவில்லை. இதன் விளைச்சலைக் காட்டி இனத்தின் குணம் என்கிறவர்கள், பார்படோஸ்காரர்களுக்கும் எங்களுக்கும் என்ன இன உறவு என்று சொல்லட்டும். பொதுவாக இருந்தது தோட்டமும் பசியும்தான்.

“உங்கள் ஆம்பிளைகள் குடிப்பதை நிறுத்தினால் பிள்ளைகள் சாப்பிடும்” என்று ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். குடி இருக்கிறது. அது எங்கள் வீடுகளை அழித்தது. அம்மாமார் உதை வாங்கியதை நான் பார்த்திருக்கிறேன், அதை மூடி மறைக்க மாட்டேன். ஆனால் தவறணைக்கு லைசன்ஸ் கொடுத்தது யார்? தோட்டத்தைச் சுற்றிப் புத்தகக்கடை இல்லாத இடத்தில் சாராயக்கடை எப்படி வந்தது? பதற்றத்தை அடக்கத் தெரியாமல், துக்கத்தைச் சொல்ல வாயில்லாமல் வளர்ந்த ஒரு மனிதன் அந்தக் கடைவாசலில் போய் நிற்பதற்கும், அவன் தொட்டிலில் கிடந்த வருஷத்துக்கும் சம்பந்தமே இல்லையா? குடியைப் பசிக்குக் காரணமாகக் காட்டுகிறவர்கள் ஒரு தலைமுறை பின்னால் போய், பசியைக் குடிக்குக் காரணமாகவும் பார்க்க வேண்டும்.

பழைய கதை என்று ஒதுக்கவும் விடமாட்டேன். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தார்கள். 2021 மார்ச்சில், பல வருஷம் கத்திய பிறகு, நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று அரசாங்கம் நிர்ணயித்தது. அதைக்கூடக் கம்பனிகள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் எதிர்த்தன. அடுத்த வருஷமே நாடு கவிழ்ந்தது. 2022 செப்டம்பரில் உணவுப் பொருள் விலை முந்தைய வருஷத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. எடை குறைந்த பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷா சத்துமா, சோளம் இல்லை என்று நின்றுபோனது. அந்த வருஷம் எங்கள் தோட்டத்து வீடுகளிலிருந்து பிள்ளைகள் காலையில் வெறும் தேத்தண்ணியோடு, மத்தியானம் ஒரு ரொட்டித் துண்டும் சம்பலுமாகப் பள்ளிக்கூடம் வந்ததை என் கண்ணால் பார்த்தேன். முட்டையை மறந்தார்கள், பாலை மறந்தார்கள். 2022இல் தொட்டிலில் கிடந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூட வாசலுக்கு வருகிறார்கள். வந்துகொண்டே இருக்கிறார்கள். விறைத்து நிற்பார்கள். கடிக்கப் பாய்வார்கள். பிரம்புகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றனவா?

வழியே இல்லை என்றிருந்தால் நான் அழுதுவிட்டு ஓய்ந்திருப்பேன். வழி இருக்கிறது என்பதால்தான் வயிறு எரிகிறது. அதே ஜமைக்காவில், 1986, 87இல், கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்புகளில் வளர்ச்சி குன்றிய 129 சிசுக்களை எடுத்தார்கள். சிலருக்குப் பால்மா கொடுத்தார்கள். சிலர் வீட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை சுகாதாரப் பெண் ஒருத்தி போய், ஒரு மணி நேரம் தாயையும் பிள்ளையையும் உட்காரவைத்து விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். கடையில் வாங்கிய பொம்மை இல்லை; வெற்றுப் போத்தல், மூடி, அட்டைப் பெட்டி, கையால் தைத்த துணிப் புத்தகம். பிள்ளையோடு பேசு, பாராட்டு, அது காட்டுவதைப் பார், இவ்வளவுதான் பாடம். இரண்டு வருஷம். பிறகு சாலி கிரந்தம்-மக்ரெகர், சூசன் வோக்கர் முதலான ஆய்வாளர்கள் அந்தப் பிள்ளைகளை விடாமல் தேடிப் போனார்கள். விளையாட்டுக் கிடைத்த பிள்ளைகளுக்குப் பதினேழு பதினெட்டு வயதில் பதற்றமும் மனச்சோர்வும் குறைவு, தன்மதிப்புக் கூடுதல். இருபத்திரண்டில் சண்டை சச்சரவும் குறைவு, சம்பாத்தியம் 25 வீதம் அதிகம். பால்மா மட்டும் கிடைத்தவர்களிடம் அந்த நீடித்த பலன் காணப்படவில்லை.

இதைச் சாக்காக வைத்து உணவைக் குறைக்க யாரும் வராதீர்கள். வயிறு காய்ந்த பிள்ளைக்கு முன் பொம்மையை நீட்டுவது பாவம். நான் சொல்வது, பொதியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதோடு கடமை முடியாது என்பதை. பிள்ளைக்காம்பராக்களுக்கு இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பேர் மாறியிருக்கிறது. சில இடங்களில் டைல்ஸ் பதித்து, சுவரில் யானையும் மயிலும் வரைந்திருக்கிறார்கள். சந்தோஷம். அந்த யானையைக் காட்டிப் பிள்ளையோடு பேச எத்தனை பேரை வைத்திருக்கிறீர்கள்? ஒரு ஆயம்மாவுக்கு எத்தனை பிள்ளை? அவருக்கு என்ன சம்பளம், என்ன பயிற்சி? தாய் மலையிலிருந்து இறங்கி வந்து பால் கொடுக்கிற நேரத்தைச் சம்பளத்தில் வெட்டாமல் விடுவீர்களா? கர்ப்பிணியின் இரத்தத்தைச் சோதித்து எழுதிய எண்ணைப் பார்த்த பிறகும் அவளைக் கூடையோடு செங்குத்து மலைக்கு அனுப்புகிறீர்களே, அந்த எண்ணை எதற்கு எழுதினீர்கள்? கம்பனிக்காரர்களே, நாட்சம்பளத்தைப் பற்றிப் பேச உட்காரும்போது ஏல விலையையும் கிலோக் கணக்கையும் மேசையில் வைக்கிறீர்கள். தொட்டிலில் சத்தமில்லாமல் கிடக்கிற பிள்ளையையும் அந்தக் கணக்கில் சேருங்கள். அது உங்கள் இலாபத்துக்கு யாரும் கேட்காமல் கொடுத்த மானியம்.

தொழிற்சங்கத் தலைவர்களுக்கும் எனக்கொரு கேள்வி உண்டு. 2023இல், நாங்கள் இந்த மலைகளுக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதற்கு, மலையகம் 200 என்று விழா எடுத்தோம், மேடை போட்டோம். இருநூறு வருஷத்துத் தியாகம் என்று பேசிய வாய்கள், ஒரு தோட்டத்துக்காவது பிள்ளைகளின் மனநலம் பார்க்க ஒரு ஆளை நியமிக்கச் சொல்லி ஒரு நாள் வேலைநிறுத்தம் அறிவித்தனவா?

என்னோடு வேலை செய்கிற, எனக்குப் பின் வரப்போகிற ஆசிரியர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வகுப்பில் அந்தப் பிள்ளை இருக்கிறது. எது என்று உங்களுக்கே தெரியும். முன்னேற்ற அறிக்கையில் “ஆர்வமில்லை” என்று எழுதப் பேனா எடுக்கும்போது, தாயைக் கூப்பிட்டுக் கிளினிக் கார்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறந்தபோது என்ன எடை, ஒரு வயதில் என்ன எடை, இன்று காலையில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு, அந்த மூன்றையும் அதே அறிக்கையில், அதே சிவப்பு மையில் எழுதுங்கள். எழுதி அதிபருக்கும் வலயக் கல்விக் காரியாலயத்துக்கும் தோட்டத் துரைக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புங்கள். பிரம்பை அதற்கு முன்பே வெளியே எறிந்துவிடுங்கள்.